மூன்று சகோதரர்கள், ஒரு சிம்மாசனம்

இன்றைய சுவீடனை அமைதியான, வசதியான நாடாகவே நாம் அறிவோம். 700 வருடங்களுக்கு முன்னர் அந்நாட்டு அரச குடும்பத்தில் கூடப்பிறந்தவர்களே ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

1290இல் மன்னர் மக்னுஸ் காலமானார். மூத்த மகன் பிர்கருக்கு அப்போது பத்து வயதளவே. அவருக்கு அரியணை, தம்பிமார் எரிக், வால்டெமார் இருவருக்கும் 'டியூக்' பட்டமும் நிலங்களும். தம்பிமாருக்கு அது போதவில்லை.

1306இல் ஹோத்துனா என்ற இடத்தில் தங்கியிருந்த அண்ணனிடம் விருந்தாளிகளாகப் போனார்கள். அங்கேயே மன்னரைப் பிடித்து, நீஷோப்பிங் கோட்டையில் சிறை வைத்தார்கள். 1308இல் அவர் விடுதலையானார். 1310இல் சமாதானம் பேசி நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெளியில் சமாதானம்தான். மனதில் இல்லை.

1317 டிசம்பரில் பிர்கர் தம்பிமாரை விருந்துக்கு அழைத்தார். இடம் எது தெரியுமா? அவர் சிறையிருந்த அதே நீஷோப்பிங் கோட்டை! நன்றாகச் சாப்பிட்டு உறங்கிய தம்பிமாரை அன்றிரவே சங்கிலியில் கட்டினார்கள். அவர்களுடன் வந்த ஆட்களுக்குக் கோட்டைக்கு வெளியே, ஊருக்குள்தான் தங்குமிடம் கொடுக்கப்பட்டிருந்தது. 1318 ஜனவரியில் இருவரும் சிறையிலேயே மரண சாசனம் எழுதினார்கள். உயிரோடு வெளியே வரவில்லை. பட்டினி போட்டே கொன்றதாகச் சொல்லப்படுகிறது.

அண்ணன் வென்றாரா? இல்லை. தம்பிமாரின் ஆதரவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பிர்கர் டென்மார்க்குக்குத் தப்பியோடி, 1321இல் அங்கேயே மரணித்தார். அதற்கு முந்திய வருடம் அவருடைய மகனின் தலை ஸ்டொக்ஹோமில் வெட்டப்பட்டது.

1319 ஜூலை 8ஆம் திகதி, உப்சாலாவுக்கு அருகே மோரா என்ற இடத்தில் புதிய மன்னரைத் தெரிவு செய்தார்கள். எரிக்கின் மகன் மக்னுஸ். வயது மூன்று! அதே வருடம் தாய்வழிப் பாட்டனாரின் நோர்வே நாடும் அக்குழந்தைக்கே போய்ச் சேர்ந்தது.

அத்தோடு பிரபுக்கள் ஓர் உறுதிப் பத்திரமும் எழுதி வைத்தார்கள். ஆலோசனைச் சபையின் சம்மதமின்றி மன்னர் புதிய வரி போட முடியாது என்பது அதில் ஒன்று.

மூன்று சகோதரர்களும் எதற்காகச் சண்டையிட்டார்களோ, அது மூவருக்குமே மிஞ்சவில்லை. ஹோத்துனாவில் விருந்தாளி துரோகம் செய்தார். நீஷோப்பிங்கில் விருந்து கொடுத்தவர் துரோகம் செய்தார். பழிக்குப் பழி என்று கணக்குத் தீர்க்க நினைத்தவர்களின் கணக்கைக் கடைசியில் ஒரு குழந்தையின் பெயரில்தான் முடித்து வைத்தார்கள்.

காணிக்காகவும் பதவிக்காகவும் கூடப்பிறந்தவர்களோடு பேசாமல் இருக்கும் நாமும் இதை ஒரு தடவை யோசிப்போம்.