விதானத்தில் ஒரு தாமரைக் குளம்

கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தை அடுத்த சமணர் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே வட்டெழுத்தில் பொறித்த பெயர்களுள் அச்சணந்தி என்னும் துறவியின் பெயரும் ஒன்று. இங்கே இன்று நாம் உணர்வது கல்லின் அமைதி. வண்ணத்தைக் கொண்டும் அத்தகைய அமைதியை ஆக்க முடியும் என்பதற்குப் பாண்டியர் காலமே சான்று வைத்திருக்கிறது. அதைக் காணப் புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் வரை செல்ல வேண்டும்.

அங்குள்ள குடைவரையின் பெயர் அறிவர் கோயில். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தான் என்று பாவடிவிலான ஒரு கல்வெட்டு கூறுகிறது. (திருப்பணிச் செய்தியையும் பாவாகவே பொறித்த காலம் அது, கவிஞர்கள் பெருமைப்படலாம்.) 1920இல் இவ்வோவியங்களை அறிஞருலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய், அவற்றை மகேந்திரவர்மன் காலத்தவை எனக் கருதினார். பின்வந்தோர் பலர் கல்வெட்டின் துணைகொண்டு அவற்றைப் பாண்டியர்க்கு உரியவை என்றனர்.

வெயில் காயும் பாறையிலிருந்து உள்ளே நுழைபவனுக்கு முதலில் எதுவும் புலப்படுவதில்லை. கண் இருளுக்குப் பழகும்வரை நின்றே ஆகவேண்டும். பிறகு தலை தானாக நிமிர்கிறது. அர்த்த மண்டப விதானம் முழுவதும் ஒரு தாமரைக் குளம்: மலரும் மொட்டும் இலையும் நெருங்கிய நீரில் மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், இடையே மலர் கொய்யும் மூவர். தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கச் செல்வோர் வழியில் கடக்கும் குளம் இது என்பது அறிஞர் கருத்து. ஓவியன் அறவுரையைத் தீட்டவில்லை. அதற்கு முந்தைய பொழுதை, சொல் தொடங்குமுன் மனம் அடங்கும் பொழுதைத் தீட்டினான். குளத்தின் கீழே, சுவர் மாடத்தில் பார்சுவநாதர் அசைவின்றி அமர்ந்திருக்கிறார். கருவறையில் நின்று மெல்ல ஒலி எழுப்பினால் அறை முழுவதும் அதிர்கிறது. ஆகவே உள்ளே வந்தவர் தம் குரலைத் தாமே தணித்துக்கொள்கின்றனர்.

இன்றைய ஓவியக் கண்காட்சிகளில் இந்த ஏற்பாடு அரிது. குழல் விளக்கின் வெளிச்சத்தில் படங்கள் தோளோடு தோள் உரசித் தொங்குகின்றன. பார்ப்பவர் பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். படம் நன்றாயிருந்தும் அது பேச இடமில்லை. 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் திறக்கப்பட்ட ராத்கோ தேவாலயம் இதற்கு மாறானது. எண்கோண அறை, மார்க் ராத்கோவின் இருண்ட ஓவியங்கள் 14, அமர்வதற்குச் சில பலகைகள், வேறொன்றும் இல்லை. திறப்பு விழாவைக் காண அவர் உயிரோடில்லை. அவர் நிறைத்தது சுவரை. பாண்டிய நாட்டு ஓவியன் நிறைத்தது விதானத்தை. எனினும், பார்ப்பவனை நிற்க வைப்பதும் ஓவியத்தின் வேலைதான் என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

அறிவர் கோயிலின் ஓவியங்களில் பெரும்பகுதி இன்று அழிந்துவிட்டது. தூண்களின் மேற்பகுதியில் ஆடல் மகளிர் மங்கலாகத் தெரிகின்றனர். கைக்கு எட்டாத உயரத்திலிருந்த குளம் மட்டும் ஓரளவு தப்பியிருக்கிறது.