மலேசியக் காற்பந்து அணியின் அனைத்துலகப் பதிவு: வெற்றி, தோல்வி, நம் பெயர்கள்

மலேசியத் தேசியக் காற்பந்து அணி உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் ஒரு முறைகூட ஆடியதில்லை. ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒரு முறை. இன்னொரு முறை தகுதி பெற்றும் போகவில்லை. ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றில் இதுவரை ஆடிய 12 ஆட்டங்களில் கிடைத்த வெற்றி ஒன்றுதான். ஆனால் இதே அணி ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2 முறை வெண்கலம் வென்றிருக்கிறது. தென் கொரியாவை வீழ்த்தி ஒலிம்பிக் வாய்ப்பைப் பறித்திருக்கிறது.

போர்டிக்சன் வட்டாரத்தில் சுவா பெத்தோங், லின்சம், சிலியாவ், பிராட்வால் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு ஆறுமுகம், சந்திரன், ராஜகோபால் ஆகிய பெயர்கள் புதியவை அல்ல. ஆனால் எந்த ஆண்டு, எந்தப் போட்டி, யாருக்கு எதிராக என்ற பேச்சு வந்தால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்க்க விரும்புவோருக்காக இந்தத் தொகுப்பு.

எது அனைத்துலக ஆட்டம்?

இரு நாடுகளின் முதல்நிலை தேசிய அணிகள் மோதுவதையே அனைத்துலகக் காற்பந்து சம்மேளனமான ஃபிஃபா 'ஏ' ஆட்டம் என்று கணக்கில் எடுக்கிறது. வெளிநாட்டுக் கிளப்புக்கு எதிரான ஆட்டமோ மாநிலத் தேர்வு அணியின் ஆட்டமோ இதில் சேராது. வயது வரம்புள்ள அணிகளின் ஆட்டங்களும் சேராது. ஒலிம்பிக் காற்பந்து 1992 முதலும், சீ விளையாட்டுப் போட்டியின் காற்பந்து 2001 முதலும், ஆசிய விளையாட்டுப் போட்டியின் காற்பந்து 2002 முதலும் வயது வரம்புக்கு உட்பட்டவை.

பழைய வெற்றிகளையும் புதிய வெற்றிகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாததற்கு இதுவே காரணம். 1977இல் வென்ற தங்கம் முதல்நிலை அணியுடையது. 2009இல் வென்ற தங்கம் 23 வயதுக்கு உட்பட்டோர் அணியுடையது.

இன்னொரு விதியும் உண்டு. பெனால்டி உதைகளில் முடிவான ஆட்டம் பதிவேட்டில் சமநிலை என்றே எழுதப்படும். இரண்டு ஆட்டங்களாக நடக்கும் இறுதிச் சுற்றில் ஒவ்வோர் ஆட்டமும் தனித்தனியாகப் பதிவாகும். கிண்ணம் வென்ற ஆண்டிலும் தோல்வி ஒன்று பதிவாகியிருப்பது இதனால்தான்.

மலாயா காலம்: 1957 முதல் 1963 வரை

சுதந்திரம் கிடைத்த 1957ஆம் ஆண்டிலேயே மெர்டேகா கிண்ணப் போட்டி தொடங்கியது. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அப்போது மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். மலாயா அணி 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றது. 1960இல் தென் கொரியாவுடன் பகிர்ந்துகொண்டது.

1961இல் ரங்கூனில் நடந்த தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் தங்கம். சீ விளையாட்டுப் போட்டியின் அன்றைய பெயர் அது. 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், தென் வியட்நாமை 4-1 என வென்று வெண்கலம்.

அந்தக் காலத்தின் பெரிய தாக்குதல் ஆட்டக்காரர் அப்துல் கனி மின்ஹாட் போர்டிக்சனுக்குப் பக்கத்திலுள்ள ரந்தாவில் பிறந்தவர். 'ராஜா போலா', அதாவது பந்தின் அரசர், என்று நாடே அவரை அழைத்தது.

மியூனிக் 1972

ஒலிம்பிக் தகுதிச் சுற்று 1971இல் சியோலில் நடந்தது. சொந்த மண்ணில் ஆடிய தென் கொரியாவை மலேசியா 1-0 என வென்றது. கோலை அடித்தவர் சைட் அஹ்மாட். மறு ஆண்டு மியூனிக்கில் மலேசியா ஆடிய ஆட்டங்கள் மூன்று:

மேற்கு ஜெர்மனியிடம் 0-3 தோல்வி.
அமெரிக்காவுக்கு எதிராக 3-0 வெற்றி.
மொரோக்கோவிடம் 0-6 தோல்வி.

அந்த அணியில் எம். சந்திரனும் வி. கிருஷ்ணசாமியும் இருந்தனர். ஒலிம்பிக் காற்பந்தில் மலேசியா பெற்ற ஒரே வெற்றி அமெரிக்காவுக்கு எதிரான அந்த ஆட்டம்தான்.

இரண்டாண்டு கழித்து, 1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வட கொரியாவை 2-1 என வென்று மீண்டும் வெண்கலம். அதே பத்தாண்டில் 1973, 1974, 1976 மெர்டேகா கிண்ணங்களும், 1977, 1979 சீ விளையாட்டுப் போட்டித் தங்கங்களும் வந்து சேர்ந்தன. இந்தக் காலத்தின் நாயகன் மொக்தார் டஹாரி. 142 அனைத்துலக ஆட்டங்களில் 89 கோல்கள் அவர் பெயரில் உள்ளன. தற்காப்பில் நின்ற சோ சின் ஆன் 195 ஆட்டங்கள் ஆடியதாகக் கணக்கு.

1980: வென்றும் போகாத ஒலிம்பிக்

1980 ஏப்ரல் 6. கோலாலம்பூர் மெர்டேகா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான கடைசித் தகுதி ஆட்டம். எதிரணி மீண்டும் தென் கொரியா. சபா மாநிலத்தின் ஹசான் சானி தள்ளிக் கொடுத்த பந்தை, அதே மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். மலேசியா 2-1 என வென்றது.

கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்து ரசிகர்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தார்கள். அவருக்கு முன்னால் தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றார்கள்.

அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் ஒன்று. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. பதிவேட்டில் தகுதிச் சுற்று வெற்றி இருக்கிறது. அதற்கு அடுத்த வரி இல்லை.

ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் காலமானார். அவருக்கு அப்போது 35 வயது. 2016இல் வெளியான 'ஓலா போலா' திரைப்படம் 1980 அணியின் கதையைத் தழுவியது. அதில் வரும் கோல் காவலர் முத்துவைப் பார்த்து ஆறுமுகத்தை நினைத்தவர்கள் பலர். ஆனால் அது திரைக்கதை. ஆட்ட விவரங்களுக்குப் படத்தை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

ராஜகோபால் காலம்

1989 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூரை 3-1 என வென்று தங்கம். அதன் பிறகு 20 ஆண்டுகள் அந்தத் தங்கம் கிட்டவில்லை. 2007இல் ஆசியக் கிண்ணத்தை ஏற்று நடத்திய நாடுகளில் ஒன்றாக ஆடியபோது சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 எனத் தொடர்ந்து தோல்வி.

அதற்குப் பின் பி. சத்தியநாதனும், 2009 முதல் கே. ராஜகோபாலும் தேசியப் பயிற்றுநர்களாக இருந்தனர். 2009இல் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் ராஜகோபாலின் இளம் அணி வியட்நாமை 1-0 என வென்று தங்கம் பெற்றது. அந்த ஆட்டக்காரர்களில் பலரை வைத்தே அவர் 2010 தென்கிழக்காசியக் கிண்ணத்துக்கு முதல்நிலை அணியை அமைத்தார்.

தொடக்கம் மோசம். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 தோல்வி. பிறகு தாய்லாந்துடன் 0-0, லாவோஸுக்கு எதிராக 5-1. அரையிறுதியில் வியட்நாமை மொத்தம் 2-0 என வென்றது. இறுதிச் சுற்றில் அதே இந்தோனேசியா. டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் 3-0 வெற்றி, டிசம்பர் 29 அன்று ஜகார்த்தாவில் 1-2 தோல்வி, மொத்தத்தில் 4-2. தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா வென்றது அந்த ஒரு முறைதான். 1996, 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் இரண்டாம் இடம்.

2010 அணியில் ஆடிய எஸ். குணாளன், 2009இல் நெகிரி செம்பிலானுக்கு மலேசியக் கிண்ணம் வென்று தந்த அணியிலும் இருந்தவர்.

2017 சீ விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் இந்தோனேசியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் தலையால் முட்டி ஒரே கோலை அடித்தவர் என். தனபாலன். அந்தக் கோலைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆனால் அது இளையோர் அணியின் ஆட்டம் என்பதால் முதல்நிலைப் பதிவேட்டில் சேராது.

தாழ்வும் மீட்சியும்

2015 செப்டம்பரில் அபுதாபியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-10 என்ற தோல்வி மறைக்க முடியாதது. மீட்சி மெதுவாக வந்தது. 1980க்குப் பிறகு முதன்முறையாகத் தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கிண்ணத்துக்குச் சென்ற அணி, 2024 ஜனவரியில் கத்தாரில் ஜோர்டானிடம் 0-4, பஹ்ரேனிடம் 0-1 எனத் தோற்றது. கடைசி ஆட்டத்தில் தென் கொரியாவுடன் 3-3 எனச் சமநிலை கண்டது.

ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுக் கணக்கு இது: 1976, 1980, 2007, 2023 ஆகிய 4 போட்டிகள் (2023 போட்டி 2024இல் நடந்தது), 12 ஆட்டங்கள், 1 வெற்றி, 4 சமநிலை, 7 தோல்வி. அந்த ஒரு வெற்றி 1980இல் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளுக்கு எதிராக 2-0.

மாறிய முடிவுகள்

2025 ஜூனில் வியட்நாமை மலேசியா 4-0 என வென்றது. வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்ற ஆட்டக்காரர்கள் அந்த அணியில் இருந்தனர். அவர்களில் 7 பேரின் தாத்தா, பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் போலியானவை என்று செப்டம்பரில் ஃபிஃபா ஒழுங்கு நடவடிக்கைக் குழு முடிவு செய்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நவம்பரில் நிராகரிக்கப்பட்டது. டிசம்பரில் கேப் வெர்டே, சிங்கப்பூர், பாலஸ்தீனம் ஆகிய அணிகளுடனான 3 நட்புமுறை ஆட்டங்களின் முடிவுகள் 0-3 தோல்வி என மாற்றப்பட்டன.

தாத்தா எங்கே பிறந்தார், அதற்குப் பத்திரம் எங்கே என்ற கேள்வி தோட்ட மக்களுக்குப் பழக்கமானது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஓர் ஆவணத்தின் எடை என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதிவேட்டில் இல்லாதவை

1972இல் சந்திரனும் கிருஷ்ணசாமியும், 1980இல் ஆறுமுகம், 2010இல் குணாளன். 2024இல் கத்தாருக்குச் சென்ற அணியில் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. என்றாலும், தோட்டத்துக்கொரு திடல், மாலையில் பால் வேலை முடிந்ததும் பந்து, தோட்டங்களுக்கிடையே கிண்ணம் என்றிருந்த வாழ்க்கை, தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது கலைந்துபோனது. பட்டணத்துக்கு வந்த பிள்ளைக்குத் திடல் வாடகைக்குத்தான் கிடைக்கிறது. காலணியும் பயிற்சிக் கட்டணமும் பெற்றோரின் பொறுப்பு.

தேசிய அணியின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேதி, இடம், கோல் கணக்கு இருக்கிறது. தோட்டக் கிண்ண ஆட்டங்களுக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. அவை இருப்பது வீட்டுச் சுவரில் மாட்டிய குழுப் படங்களிலும், மங்கிய பத்திரிகைத் துண்டுகளிலும்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால், அதில் நிற்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே பின்புறத்தில் மூன்று விவரங்களை எழுதி வையுங்கள்: தோட்டத்தின் பெயர், ஆண்டு, இடமிருந்து வலமாக ஆட்டக்காரர்களின் பெயர்கள்.