புகுந்த வீடா, பிறந்த வீடா?

கேலக்ஸிக் கொத்துகளில் சுருள் கேலக்ஸிகள் ஏன் குறைவு? கொத்தை நிரப்பியிருக்கும் கொதிக்கும் வாயு, உள்ளே விழும் கேலக்ஸியின் வாயுவை வழித்தெடுத்துவிடும் என்றார்கள் 1972-ல் ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும். வாயு போனால் புது நட்சத்திரம் பிறக்காது. 1980-ல் ஆலன் டிரெஸ்லர் 55 கொத்துகளை ஆராய்ந்து, நெரிசல் கூடக்கூட சுருள்கள் குறைவதைக் காட்டினார். பழி கொத்தின் மேல் விழுந்தது.

ஆனால் பல கேலக்ஸிகள் கொத்துக்கு வருமுன் சிறு குழுக்களில் இருந்தவை. அங்கே வேகம் குறைவு. ஒன்றையொன்று இழுத்துக் கலைக்க அவகாசம் அதிகம். 2006-ல் லூக்கா கோர்ட்டேசேயும் சகாக்களும் ஏபெல் 1367 கொத்தை நோக்கி விழும் ஒரு குழுவை ஆராய்ந்தார்கள். கொத்தின் மையத்தை எட்டுவதற்கு முன்பே அதன் கேலக்ஸிகள் கலைந்து, வாயு வால்போல நீண்டிருந்தது.

புகுந்த வீட்டைக் குறை சொல்லுமுன் பிறந்த வீட்டையும் விசாரிக்க வேண்டும், இல்லையா?