முதுமைத் தசை இழப்பு

வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலுவும் குறையும் நிலை; மருத்துவப் பெயர் சார்கோபீனியா. அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் 1980-களின் இறுதியில் இப்பெயரைச் சூட்டினார். அமெரிக்க நோய்ப் பட்டியலில் இதற்கெனத் தனிக் குறியீடு கிடைக்க 2016 ஆனது. முதுமையென்றால் தளர்ச்சி இயல்புதானே என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

காரணங்களுள் ஒன்று, முதியோர் உடலில் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சி. இத்தாலிய அறிஞர் கிளாடியோ பிரான்செஸ்கி 2000-இல் விவரித்த இந்நிலையில், டிஎன்எஃப்-ஆல்பா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சி தூண்டும் பொருள்கள் இரத்தத்தில் நெடுநாள் உயர்ந்தே நிற்கும். இதனால் தசைப் புரதம் சிதைவது கூடும். புதிதாய் உருவாவது மந்தமாகும். விந்தை என்னவென்றால், உடற்பயிற்சியின்போது அதே இன்டர்லூக்கின்-6ஐத் தசையே சுரக்கிறது. சிறிது நேரம் உயர்ந்து தணியும் அந்தச் சுரப்பு அழற்சியை அடக்கவே உதவுகிறது என்பதை கோபன்ஹேகனில் பென்டே பெடர்சனின் குழு எடுத்துக்காட்டியது.

பயிற்சிக்கு வயது தடையில்லை. பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில் 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்ததில், வலு சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990-இல் மரியா ஃபியாட்டரோன் குழு அறிவித்தது. அக்குழுவின் 1994 ஆய்வில், பயிற்சியின்றி ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அப்பலன் கிட்டவில்லை.