நெய்வேலி ஆர்ச் கேட்டும் எம்பிபிஎஸ் சீட்டும் (நீளமான த்ரெட், பொறுமையா படிங்க)

நெய்வேலி பக்கம் ஒரு பொண்ணு. பிளஸ் டூவுல ஸ்கூல் ஃபர்ஸ்ட். அவளுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில சீட் கிடைக்குமா?

ரிசல்ட் சீசன்ல இன்பாக்ஸுக்கு வர்ற கேள்வி பெரும்பாலும் இதுதான். மார்க்கை மட்டும் சொல்லிட்டு "சான்ஸ் இருக்கா டாக்டர்?"னு கேக்கறாங்க. இதுக்குப் பதில் சொல்லணும்னா ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, எந்த வருஷம்? ரெண்டு, ஆர்ச் கேட்டுக்கு உள்ளயா, வெளியயா?

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்லிடறேன். 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டும்போது கறுப்பா ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956-ல என்எல்சி உருவாச்சு. 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். சோவியத் உதவியோட அனல் மின் நிலையம் வந்தது. கூடவே ஒரு டவுன்ஷிப்பும் வந்தது. நேர் நேரான சாலைகள், வட்டம் வட்டமா குடியிருப்புகள், ஆஸ்பத்திரி, நல்ல பள்ளிக்கூடங்கள். பல மாநிலத்துல இருந்து வந்த என்ஜினியர் வீட்டுப் பிள்ளைங்க அங்க படிச்சாங்க.

கேட்டுக்கு வெளிய முந்திரித் தோப்பு, மணிலா, கம்மாபுரம், வளையமாதேவி மாதிரி ஊர்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களும் இந்தப் பக்கம்தான். உள்ள இருக்கிற பிள்ளைக்கும் வெளிய இருக்கிற பிள்ளைக்கும் நடுவுல தூரம்னு பார்த்தா சைக்கிள்ல போற தூரம். நம்ம பொண்ணை வெளிய வெச்சுக்குவோம். அவ மூளையை மாத்த வேண்டாம், உழைப்பை மாத்த வேண்டாம். வருஷத்தை மட்டும் மாத்திப் பார்ப்போம்.

1950. டவுன்ஷிப் இன்னும் வரலை. மெட்ராஸ் மாகாணமா இருந்தது அப்பதான் மாநிலம் ஆகியிருக்கு. மாநிலத்துக்கே நாலு மருத்துவக் கல்லூரி, 330 சீட். கம்யூனல் ஜி.ஓ. அமல்ல இருக்கு. 14 சீட்டுக்கு பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம் 1. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. மேடையில பேசுவாங்க, பாடப் புத்தகத்துலயும் உண்டு.

ஆனா அதே தீர்ப்புல இருக்கிற இன்னொரு வரியை யாரும் பேசறதில்லை. வெளி மாநிலத்துக்கும் அரசோட விருப்ப ஒதுக்கீட்டுக்கும் போக மீதி சீட்டை மாவட்டங்களோட நாலு தொகுப்புக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. ஒவ்வொரு தொகுப்புலயும் குறைஞ்சது 20 சதவீதம் பெண்களுக்கு. அதாவது 1950-லயே "நீ என்ன ஜாதி" மட்டுமில்ல, "நீ எந்த மாவட்டம், நீ ஆணா பெண்ணா"ன்னும் கேட்டிருக்காங்க. தென்னாற்காட்டுப் பொண்ணு போட்டி போட வேண்டியது தன் தொகுப்புக்குள்ள மட்டும்தான்.

அப்புறம் நடந்தது தெரியும். செண்பகம் துரைராஜன் வழக்கு. 1951 ஏப்ரல் 9-ல உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாதுன்னு சொன்னது. (அவங்க மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடலைங்கறது தீர்ப்பிலேயே இருக்கு. 1934-லயே பி.ஏ. முடிச்சவங்க.) தமிழ்நாடு கொதிச்சது. ரெண்டே மாசத்துல அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம், 15(4) பிரிவு வந்தது. ஜாதி அடிப்படையில பின்தங்கினவங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது.

மாவட்டக் கதவு கொஞ்ச காலம் தப்பிச்சுது. 1960-கள்லயும் மெட்ராஸ் அரசு மாவட்ட மக்கள்தொகையை வெச்சுச் சீட்டைப் பிரிச்சது. அரசு சொன்ன காரணம் சிம்பிள்: பிரிக்கலைன்னா வசதியான பள்ளிக்கூடம் இருக்கிற இடத்துப் பிள்ளைங்களே மொத்தத்தையும் எடுத்துக்குவாங்க.

1968 ஜனவரியில ராஜேந்திரன் வழக்குல உச்ச நீதிமன்றம் இதை ரத்து பண்ணுச்சு. ஒரு மாவட்டத்துல குறைஞ்ச மார்க் எடுத்தவர் உள்ள வருவார், இன்னொரு மாவட்டத்துல அதிக மார்க் எடுத்தவர் வெளிய நிப்பார், இது சமத்துவத்துக்கு எதிரானதுன்னு சொன்னாங்க. அதே தீர்ப்பு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை ஏத்துக்கிச்சு.

இந்த வழக்கை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. என் கருத்துப்படி நம்ம பொண்ணோட கதையில பெரிய திருப்பம் செண்பகம் துரைராஜன் இல்லை, இதுதான். 1951-ல மூடின கதவைத் திறக்க ஒரு அரசியல் சட்டத் திருத்தமே வந்தது. 1968-ல மூடின கதவுக்கு யாரும் போராடலை. மாவட்டத்துக்குன்னு கட்சி கிடையாது பாருங்க.

இன்னொரு வேடிக்கை. மாநிலத்துக்கு மாநிலம் "எங்க ஊர்ப் பிள்ளைக்குத்தான்"னு சொல்றது இன்னைக்கும் செல்லும். 85 சதவீத மாநிலச் சீட் அப்படித்தான் நிக்குது. நெய்வேலிக்குப் பக்கத்துல இருக்கிற ஜிப்மரை எடுத்துக்கோங்க. புதுச்சேரிக்காரங்களுக்கு அங்க தனி ஒதுக்கீடு உண்டு. கடலூர் மாவட்டப் பிள்ளைக்கு அது கிடையாது. பாகூர்ல பொறந்தா ஒதுக்கீடு, ஆத்தைத் தாண்டி இந்தப் பக்கம் பொறந்தா இந்தியா முழுக்கப் போட்டி. மாநில எல்லைன்னா நியாயம், மாவட்ட எல்லைன்னா அநியாயம்!

சரி, 1970-க்கு வருவோம். டவுன்ஷிப் வந்தாச்சு, கரண்ட் ஓடுது. அரசு இப்ப புது வழி பிடிச்சது. மருத்துவக் கல்லூரிகளை யூனிட் யூனிட்டாப் பிரிச்சு, யூனிட்டுக்கு ஒரு தேர்வுக் குழு. பரீட்சை மார்க் 200, இன்டர்வியூ 75. இன்டர்வியூவுல என்ன பார்ப்பாங்க? விளையாட்டு அல்லது என்சிசி, சமூக சேவை மாதிரி வெளி வேலைகள், உடல் வலு, பொதுத் திறமை, ஆர்வம்.

நம்ம பொண்ணை அந்த அறைக்குள்ள நிறுத்திப் பாருங்க. வீட்டுல முதல் தலைமுறைப் படிப்பு. கோட்டு போட்ட நாலு பேர் எதிர்ல. "ஹாபி என்னம்மா?"ன்னு கேட்டா முந்திரிக்கொட்டை உடைக்கிறதைச் சொல்லுவாளா? டவுன்ஷிப் பிள்ளைக்கு என்சிசி இருக்கும், கிரவுண்ட் இருக்கும், வீட்டுல இங்கிலீஷ் இருக்கும். 200-க்கு எடுத்ததை 75-ல இழக்கலாம்.

பெரியகருப்பன் வழக்குல உச்ச நீதிமன்றம் இதையும் பார்த்தது. யூனிட் பிரிவினை செல்லாது, ராஜேந்திரன் வழக்குல சொன்ன அதே குறைதான்னு சொன்னது. 275-க்கு 75 இன்டர்வியூவுக்குங்கறது பார்த்தவுடனே அதிகமாத் தெரியுதுன்னும் சொன்னது. யூனிட் விஷயத்துல எனக்கு மனசு ஒப்பலை. ஆனா இன்டர்வியூ விஷயத்துல அந்த நீதிபதிகளுக்கு ஒரு கும்பிடு.

அடுத்த இருபது வருஷம் இடஒதுக்கீட்டு வரலாறு. எல்லாருக்கும் தெரிஞ்சதால வேகமாப் போறேன். 1971-ல பிற்படுத்தப்பட்டோருக்கு 25 சதவீதம் 31 ஆச்சு, பட்டியல் சாதிக்கு 16 சதவீதம் 18 ஆச்சு. 1979-ல எம்ஜிஆர் 9,000 ரூபாய் வருமான வரம்பு வெச்சார், 1980 மக்களவைத் தேர்தல்ல அடி வாங்கினார், வரம்பை எடுத்துட்டு 31-ஐ 50 ஆக்கினார்.

1987 செப்டம்பர்ல ஒரு வாரம் வட மாவட்டங்கள் முழுக்க சாலை மறியல். தென்னாற்காடு அதோட நடுமையம். வன்னியர் சங்கப் போராட்டம், துப்பாக்கிச் சூடு, 21 உயிர்கள். 1989-ல 20 சதவீதம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு வந்தது. நெய்வேலியைச் சுத்தின கிராமங்கள்ல இருந்து டாக்டர் ஆனவங்க வரிசையில இந்த ரெண்டு தேதிக்கும் இடம் உண்டு. மொத்தம் 69 சதவீதம். 1993-ல சட்டம், 1994-ல ஒன்பதாவது அட்டவணை.

ஆனா ஒதுக்கீடுங்கறது பிரிவுக்குத்தான். ஒரே பிரிவுக்குள்ள கேட்டுக்கு உள்ள ஒரு பிள்ளை, வெளிய ஒரு பிள்ளை இருந்தா? அங்கதான் 1984 வருது. அந்த வருஷம் மாநில நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ 200, நுழைவுத்தேர்வு 100, ஆக மொத்தம் 300. கோச்சிங் எங்க இருக்கு? சென்னையில, திருச்சியில, மதுரையில. பிளஸ் டூ எழுதி முடிச்ச கையோட ஹாஸ்டல் எடுத்து அங்க தங்கிப் படிக்க டவுன்ஷிப் சம்பளத்துல முடியும். மணிலா போட்ட வீட்டுல முடியாது.

இது அரசாங்கத்துக்கும் தெரிஞ்சே இருந்தது. 1990-களோட கடைசியில கிராமப்புறப் பள்ளியில படிச்சவங்களுக்கு 15 சதவீதம்னு கொண்டு வந்தாங்க. 2001-ல 25 ஆக்கினாங்க. உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. பாருங்க, 1968-ல செத்த மாவட்ட ஒதுக்கீடு வேற பேர்ல எழுந்து வந்து திரும்பச் செத்தது.

ஊரைப் பார்த்து ஒதுக்க முடியலையா, அளவுகோலையே மாத்து. ஜெயலலிதா அரசு 2005-ல நுழைவுத்தேர்வை ரத்து பண்ணுச்சு, கோர்ட் விடலை. 2006-ல சட்டம் போட்டது, அதையும் விடலை. அப்புறம் கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழுவை அமைச்சு, அறிக்கை வாங்கி, சட்டம் போட்டு, குடியரசுத் தலைவர் ஒப்புதலோட 2007-ல அமல்படுத்திச்சு. ரெண்டு கட்சியும் ஒரே திசையில இழுத்த சில விஷயங்கள்ல இது ஒண்ணு.

2007-ல இருந்து 2016 வரைக்கும் நம்ம பொண்ணுக்குப் பொற்காலமா? பாதிதான். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, அவ்வளவுதான். பரீட்சை எழுதறது அவ படிச்ச புத்தகத்துல இருந்து. ஆனா இப்ப போட்டி டவுன்ஷிப்போட மட்டுமில்ல, நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளோட. பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாம ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வெச்ச பள்ளிகள். கட்-ஆஃப் 200-க்கு 198-ஐ ஒட்டி நின்னுது. அரசுப் பள்ளிப் பிள்ளைங்க அப்பவும் சொற்பம்தான். நீட்டை எதிர்க்கிறவங்க இதை மறைக்கக் கூடாது. நானும் எதிர்க்கிறவன்தான்.

ஆனா தமிழ் வழியில படிச்சவங்க 2016-17-ல எம்பிபிஎஸ் சேர்ந்தவங்கள்ல 14.88 சதவீதம். நீட் வந்தப்புறம், 2020-21-ல அது 1.99. ஏ.கே.ராஜன் குழு அறிக்கையில இருக்கு.

2017 ஆகஸ்ட் 22. இந்த வருஷம் நீட்படிதான்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. பக்கத்து அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, 1200-க்கு 1176, கட்-ஆஃப் 196.75. முந்தின வருஷ விதியில டாக்டர். நீட்ல 720-க்கு 86. செப்டம்பர் 1-ல இறந்துபோனா. நம்ம கற்பனைப் பொண்ணுக்கு நான் சொல்லிட்டு வந்த கதை முழுக்க அனிதாவுக்கு நிஜத்துல நடந்தது. அவ மூளை மாறலை, உழைப்பு மாறலை. வருஷம் மாறிச்சு.

அனாடமி டேபிள் முன்னாடி நிக்கும்போது யாரும் யாரோட கட்-ஆஃபையும் கேக்கறதில்லை. கேட்டா அது ராகிங். அஞ்சரை வருஷம் கழிச்சு வார்டுல நோயாளியும் கேக்கறதில்லை. அந்த 86-ங்கற நம்பர் அவளை எவ்வளவு நல்ல டாக்டராகியிருப்பான்னு சொல்லலை, கோச்சிங் சென்டர்ல இருந்து எவ்வளவு தூரத்துல இருந்தான்னு சொல்லுச்சு.

ராஜன் அறிக்கையில என்னை அதிகம் உலுக்கினது இன்னொரு கணக்கு. 2016-17-ல சேர்ந்தவங்கள்ல ஏற்கெனவே ஒரு தடவை முயற்சி பண்ணவங்க 12.47 சதவீதம். 2020-21-ல 71.42. அதாவது பிளஸ் டூ முடிச்ச கையோட சேர்றது விதிவிலக்கு ஆயிடுச்சு. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ வீட்டுல உக்காந்து கோச்சிங் ஃபீஸ் கட்டறது சாதாரணம் ஆயிடுச்சு. டவுன்ஷிப் அப்பா "பரவால்ல, இன்னொரு வருஷம் எழுது"ம்பார். வெளிய இருக்கிற அப்பா அந்த ஒரு வருஷத்துல மாப்பிள்ளை பார்த்துடுவார்.

2020-ல கலையரசன் ஆணையப் பரிந்துரைப்படி அரசுப் பள்ளியில ஆறாம் வகுப்புல இருந்து படிச்சவங்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. முதல் வருஷமே 313 எம்பிபிஎஸ் சீட். 2022-ல உயர் நீதிமன்றம் இதை ஏத்துக்கிச்சு. 1968-க்கு அப்புறம் "நீ எங்க படிச்ச?"ங்கற கேள்வி கோர்ட்டைத் தாண்டி உயிரோட நிக்கிறது இப்பதான். அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது, அது தனிச் சண்டை.

ஆக இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: பொண்ணு ஆறுல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளின்னா, பொதுக் கட்-ஆஃபைப் பார்த்துப் பயப்படாதீங்க, 7.5 ரேங்க் பட்டியலைத் தனியாப் பாருங்க. படிப்புச் சான்றிதழை ஆறாம் வகுப்புல இருந்து இப்பவே வாங்கி வெச்சுடுங்க, கவுன்சிலிங் சமயத்துல அலையாதீங்க.

இன்னொண்ணு. பழைய தென்னாற்காட்டுக்கு 2010-ல விழுப்புரம் வர்ற வரைக்கும் அரசு மருத்துவக் கல்லூரியே கிடையாது. சிதம்பரத்துல ராஜா முத்தையா இருந்தது, அரசு அண்ணாமலைப் பல்கலையை 2013-ல எடுத்த பிறகும் கட்டணம் லட்சக்கணக்குல இருந்தது. மாணவர்கள் ஐம்பது நாளுக்கு மேல போராடி 2021-ல அதை அரசுக் கல்லூரிக் கட்டணமான 13,610 ரூபாய்க்கு இறக்கினாங்க. இப்ப அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. சாய்ஸ் லிஸ்ட்ல மறக்காமப் போடுங்க.