பத்துமலைக் குகைகள்: வழிபாடும் பாதுகாப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலந்தொட்டு மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரியச் சென்ற யாழ்ப்பாணத்தவர்க்கும், அந்நாட்டுத் தோட்டங்களிற் கூலிகளாக உழைத்த தென்னிந்தியத் தமிழர்க்கும் பத்துமலை பொதுவானதொரு தலமாக விளங்கியது. தைப்பூசம் என்றதும் பழனியை அடுத்து நினைவுக்கு வருவது அதுவே எனலாம். எனினும், பத்துமலையை முருகன் திருத்தலமாக மட்டும் நோக்குவது அதன் வரலாற்றில் ஒரு கூறினை மட்டும் அறிவதாகும். அது கோயிலாக இருப்பதற்கு முன்னரே ஒரு சுண்ணாம்புக்கற் குன்றாக இருந்தது. வழிபடுவோரும், கல்லுடைப்போரும், விஞ்ஞானிகளும் அக்குன்றிற்குத் தனித்தனியே உரிமை கோரியமையே அதன் அண்மைக்கால வரலாறு ஆகும்.

கோலாலம்பூருக்கு வடக்கே, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவில் இம்மலை அமைந்துள்ளது. அருகில் ஓடும் பத்து ஆற்றின் பெயரே மலைக்கும் ஆயிற்று. ‘பத்து’ என்பது மலாய் மொழியிற் கல்லைக் குறிக்கும் சொல்லாகும். தமிழ் எண்ணுப்பெயரோடு அதற்கு யாதொரு தொடர்புமில்லை. இதன் பாறை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுடையது என்பர். மயோசீன் காலத்தைச் சேர்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் இதனினும் பன்மடங்கு இளையது. ஆயினும் இரு பாறைகளின் இயல்பும் ஒன்றே. மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, கல்லைச் சிறிது சிறிதாக அரிக்கின்றது. இவ்வாறு தோன்றிய வெளிகளே குகைகளாயின. கரைந்த சுண்ணம் மீண்டும் படிந்து கூரையிலிருந்து தொங்கும் கற்கூம்புகளாகவும் தரையிலிருந்து எழும் தூண்களாகவும் உருவெடுக்கின்றது.

இக்குகைகளைத் தெமுவான் எனப்படும் பழங்குடியினர் நெடுங்காலமாக உறைவிடமாகப் பயன்படுத்தினர். 1860ஆம் ஆண்டுகளிற் சீனர் தம் மரக்கறித் தோட்டங்களுக்கு உரமாக வௌவால் எச்சத்தை இங்கிருந்து அகழ்ந்தெடுத்தனர். 1878இல் அமெரிக்க விலங்கியலாளர் வில்லியம் ஹோர்னடே இங்கு வந்தபின்னரே மேலைநாட்டார் இவற்றை அறியலாயினர். ‘கண்டுபிடிப்பு’ என நூல்கள் கூறுவது, அங்கு வாழ்ந்தோர் முன்னரே அறிந்திருந்ததை எழுத்தில் ஏற்றியதன்றி வேறன்று.

கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை 1873இல் நிறுவிய தம்புசாமிப் பிள்ளை, குகைவாயில் வேலின் வடிவை ஒத்திருக்கக் கண்டு இங்கு முருக வழிபாட்டைத் தொடக்கிவைத்தார் என்பது கோயில் மரபு. 1891இல் திருவுருவம் எழுந்தருளச் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. நகரின் நடுவேயுள்ள கோயிலிலிருந்து தேர் புறப்பட்டு மலையை அடைவது இவ்விழாவின் சிறப்பாகும். கொழும்பில் ஆடிவேல் விழாவின்போது செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டியை நோக்கி வேல் பவனி செல்வதை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. கடல் கடந்து குடியேறிய தமிழர், தாம் வாழும் நகரையே திருவுலாவின் வீதியாக்கிக்கொண்டமைக்கு இரண்டும் சான்றாகும். 1920இல் மரத்தாலான படிகள் அமைந்தன. பின்னர் அவ்விடத்தில் 272 சீமெந்துப் படிகள் கட்டப்பட்டன.

அப்படிகளில் ஏறுவோர் பலர் கவனியாது கடந்துசெல்லும் மற்றொரு வாயில் உண்டு. அது இருட்டுக் குகையின் வாயிலாகும். ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமான அக்குகையில் ஒளி புகாத பகுதிகளிற் பச்சைத் தாவரம் வளர்வதில்லை. ஆகவே, வெளியே இரைதேடித் திரும்பும் வௌவால்களின் எச்சமே அங்குள்ள உயிர்களின் உணவுச் சங்கிலிக்கு அடிப்படையாகின்றது. எச்சத்தைப் பூச்சிகள் உண்ண, பூச்சிகளைச் சிலந்தி முதலியன உண்கின்றன. 1923இல் விவரிக்கப்பட்ட லிபிஸ்தியசு பத்துவென்சிசு என்னும் சிலந்தி இவற்றுட் குறிப்பிடத்தக்கது. பாறைச் சுவரில் மூடியுடைய பட்டுக்கூடமைத்து, வாயிலிலிருந்து இழைகளைப் பரப்பி இரைக்காகக் காத்திருக்கும் இச்சிலந்தி மிகச் சில இடங்களிலன்றி வேறெங்கும் காணப்படுவதில்லை. இதன் குலத்தை ஒத்த சிலந்திகளின் சுவடுகள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிற் கிடைத்துள்ளன.

இத்தகைய மலையின் பக்கங்கள் பல ஆண்டுகளாக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நகரின் வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் கல் வேண்டியிருந்தது. வழிபடுவோரும் இயற்கையாளரும் இதனை எதிர்த்தனர். 1980ஆம் ஆண்டளவிற் கல்லகழ்வு நின்றது. 2012இல் மலையடிவாரத்தில் 29 மாடித் தொடர்மனையொன்றைக் கட்டும் திட்டம் எழுந்தபோதும் கோயிலாரும் இயற்கைக் கழகத்தாரும் ஒரே பக்கத்தில் நின்றனர். மாநில அரசு அவ்வேலையை நிறுத்துவித்தது. பக்தியும் விஞ்ஞானமும் இணைந்தவிடத்து மலை காக்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும், வழிபாடு தன்னளவிலே மலைக்குக் காவலாகிவிடும் என்று கொள்வதற்கில்லை. 2006இல் 42.7 மீற்றர் உயரமான முருகன் சிலை திறக்கப்பட்டது. வருவோர் தொகையும் பெருகியது. 2018இற் படிகளுக்குப் பல வண்ணம் பூசப்பட்டபோது, முன் அனுமதி பெறப்படவில்லை என நாட்டின் மரபுரிமைத் திணைக்களம் ஆட்சேபித்தது. இருட்டுக் குகைக்கோ, வழிகாட்டியுடன் சிறு குழுக்களாகவே பார்வையாளர் அனுமதிக்கப்பட்டனர். 2019இல் அதுவும் நிறுத்தப்பட்டது. ஒரே மலையில் ஒரு குகை இலட்சக்கணக்கானோருக்குத் திறந்திருக்க, மற்றொன்று எவருக்கும் மூடப்பட்டது. காண்போரின் ஆர்வமே காணப்படும் பொருளை அழிக்கவல்லது என்னும் உண்மையை இம்முரண்பாடு உணர்த்துகின்றது.

ஈழத்துத் தமிழ் மாணவருக்கு இவ்வரலாறு அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் அமைதல் ஆகாது. ஆறுகள் ஓடாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களே நன்னீரைத் தேக்கிவைக்கின்றன. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அதன் வெளிப்பாடுகளாகும். அதே கல்லைக் கொண்டே காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்து உற்பத்தி தொடங்கியது. 1990இல் யுத்தத்தினால் ஆலை நின்றது. அகழப்பட்ட குழிகள் எஞ்சின. ஆலை ஆயிரக்கணக்கானோருக்கு ஊதியம் அளித்தது என்பது மெய்யே. எனினும் கல்லை இழக்கும் நிலம் நீரையும் இழக்கக்கூடும். ஆழத் தோண்டிய இடத்து உவர்நீர் உட்புகவும் கூடும்.

பத்துமலையிற் கல்லுடைப்பை எதிர்த்தோர்க்குக் கண்ணெதிரே ஓங்கி நின்ற குன்று ஒரு துணையாயிற்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லோ நிலத்தின் கீழே மறைந்து கிடப்பது. அதற்குப் படிக்கட்டுமில்லை, தேருமில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குகைகளுக்காகப் பேசவேண்டிய கடமை, அவற்றின் நீரைப் பருகி வளர்ந்தோரையே சார்ந்ததாகும்.