கரித்துறையில் சவள் பிடித்தவர்கள்

தரம் பத்தில் கைத்தொழிற் புரட்சி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. சுரங்கம், புகையிரதம், கப்பல் என்று கரும்பலகையில் எழுதி, இடையில் இரண்டு அம்புக்குறிகளைப் போட்டேன். பின் வாங்கிலிருந்த பையனொருவன் எழும்பினான். “சேர், ரெயின்ல இருந்து கப்பலுக்கு ஆரு ஏத்தின?”

அவனுடைய வாப்பா நெல் ஆலையில் மூட்டை ஏற்றும் நாட்டாமி. ஒரு பொருள் தானாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்விடாது என்பது அவனுக்கு வீட்டிலேயே தெரிந்த விடயம். எனக்கோ உடனே பதில் வரவில்லை. பயிற்சிக் கலாசாலையில் எனக்குப் படிப்பித்ததும் இதே இரண்டு அம்புக்குறிகள்தான்.

அவனுக்காகத் தேடி வாசித்தபோது என் மனம் போய் நின்ற இடம் தென் வேல்ஸிலுள்ள பாரி துறைமுகம். வேல்ஸ் நிலக்கரி அதிகம் புகையாதது, சூடு கூடியது. நீராவிக் கப்பல்கள் அதைத் தேடி வாங்கின. பிரித்தானியக் கடற்படை அதையே விரும்பியது. முதலில் அந்த வியாபாரம் கார்டிஃப் துறைமுகத்தின் கையிலிருந்தது. அங்கு 1839இல் கப்பற்றளம் திறக்கப்பட்டது. 1841இல் மேர்தர் வரை புகையிரதப் பாதை முடிந்தது. காலப்போக்கில் அங்கு நெரிசலும் கட்டணமும் கூடவே, சுரங்க முதலாளிகள் சிலர் தமக்கென ஒரு துறையையும் அதற்கொரு புகையிரதப் பாதையையும் அமைக்கப் புறப்பட்டார்கள். அவர்களில் முதன்மையானவர் டேவிட் டேவிஸ். மரம் அரியும் தொழிலில் தொடங்கிப் பெரும் முதலாளியானவர் அவர். பாரியின் கப்பற்றளம் 1889 ஜூலை 18இல் திறக்கப்பட்டது. 1913ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளியேறிய நிலக்கரி ஒரு கோடியே பத்து இலட்சம் தொன்னுக்கும் அதிகம். இவ்வளவையும் வரலாற்று நூல்கள் தாராளமாகச் சொல்கின்றன.

பையன் கேட்டது இதையல்ல. ஏற்றிய விதத்தைத்தான் அவன் கேட்டான்.

சுரங்கத்திலிருந்து வரும் பெட்டியொன்றில் பெரும்பாலும் பத்துத் தொன் கரி இருக்கும். பெட்டிகள் துறைக்குப் பின்னாலுள்ள தண்டவாளங்களில் வரிசையாகக் காத்து நிற்கும். கப்பலின் அருகே கோபுரம்போல ஒரு தூக்கி இருக்கும். அது நீரழுத்தத்தால் இயங்குவது. பெட்டியை அதன் மேடையில் தள்ளியதும் மேடை அப்படியே மேலே எழும். பிறகு பின்பக்கம் உயர்ந்து பெட்டி சரியும். முன்கதவு திறந்து, கரி ஒரு பெரிய சரிவுத் தகட்டின் வழியாகக் கப்பலின் வயிற்றுக்குள் விழும். வெறும் பெட்டி வேறொரு தண்டவாளத்தால் திரும்பிப் போய்விடும். கப்பல் வெறுமையாக இருக்கையில் உயர்ந்து நிற்கும். பாரம் ஏற ஏறத் தாழும். அதற்கேற்பத் தகட்டையும் ஏற்றி இறக்க வேண்டும்.

வேல்ஸ் கரி எளிதில் நொறுங்கும். நொறுங்கினால் விலை குறையும். ஆகவே முதலில் கொஞ்சக் கரியைப் பெட்டியில் வைத்துக் கப்பலின் அடிவரை மெதுவாக இறக்கிக் குவிப்பார்கள். பின்னர் விழுவது அந்தக் குவியலின் மீது சரியும். உயரத்திலிருந்து விழுந்து உடையாது. கரிக்கு இருந்த கவனிப்பைப் பாருங்கள்!

இயந்திரத்தின் வேலை இத்துடன் முடிந்துவிடும். கொட்டிய கரி கப்பலின் நடுவே மலையாகக் குவிந்து நிற்கும். ஓரங்களும் மேற்தட்டின் கீழுள்ள மூலைகளும் வெறுமையாகவே கிடக்கும். அப்படியே கடலுக்குப் போனால் அலையில் குவியல் ஒருபக்கம் சரிந்து கப்பலே கவிழக்கூடும். ஆகவே மனிதர்கள் சவளோடு உள்ளே இறங்கினார்கள். மேலிருந்து கரி விழ விழ, அதை வாரி மூலைகளுக்குள் எறிந்து மட்டப்படுத்தினார்கள். கப்பல் நிறைய நிறைய நிற்க இடமில்லாமல் குனிந்தும், பிறகு முழங்காலிட்டும் வேலை செய்தார்கள். கண் தெரியாத தூசி. மூச்சோடு அதுவும் போகும். புதுக் கரியிலிருந்து வாயு கசிந்து தீப்பிடித்து வெடிக்கும் ஆபத்தும் இருந்தது. கூலி தொன் கணக்கில். கார்டிஃப், பெனார்த், பாரி ஆகிய மூன்று துறைகளின் சமன்படுத்துவோருக்கும் ஒரு தொழிற்சங்கம் இருந்தது.

ஆங்கிலத்தில் இவர்களுக்கிருந்த அதே பெயர் கப்பலோடு செல்லும் இன்னொரு கூட்டத்தாருக்கும் உண்டு. கரிக் கிடங்கிலிருந்து உலை வாய்க்குக் கரி தள்ளிக் கொடுப்பவர்கள் அவர்கள். அந்த வேலையிலும் உலைக்குத் தீ போடும் வேலையிலும் ஏடனிலிருந்தும் சோமாலியக் கரையிலிருந்தும் வந்த முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். கார்டிஃப் துறைமுகத்தின் அருகே அவர்கள் குடியேறி வாழ்ந்த பகுதி புகழ்பெற்றது.

இந்தக் கதையின் மறுமுனை நமது கொழும்பு. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. 1875இல் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது. அதன்பின் கிழக்கே செல்லும் கப்பல்கள் கரி எடுக்கும் பெருந்துறையாகக் கொழும்பு மாறியது. வேல்ஸ் கரியும் இந்தியக் கரியும் இங்கு வந்து இறங்கின. பாரியில் பத்துத் தொன் பெட்டியை ஒரே மூச்சில் தூக்கிக் கவிழ்த்தார்கள். இங்கோ அதே கரி பாதைப் படகுகளிலிருந்து கூடைகளிலும் சாக்குகளிலும் ஆட்களின் தோளில் ஏறியது. சுமந்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். மலிவான தோள் கிடைக்கும் இடத்தில் தூக்கிக்கு ஏன் பணம் போட வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்போலும். 1927ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தம் நமது நூல்களில் வருகிறது. வேலை நிறுத்தாத நாட்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அரிதாகவே வருகிறது.

முதல் உலகப் போருக்கு முன்பே பிரித்தானியக் கடற்படை எண்ணெயின் பக்கம் திரும்பத் தொடங்கியது. பிறகு வணிகக் கப்பல்களும் திரும்பின. கார்டிஃபின் நிலக்கரி ஏற்றுமதி 1964இல் நின்றுபோனது.

மற்றக் கிழமை கரும்பலகையில் பழையபடி அம்புக்குறியைப் போட்டு, அதன் நடுவே சவள் பிடித்த ஒருவனை வரைந்தேன். எனக்குச் சித்திரம் வராது, பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை.

“அவங்களுக்குக் கூலி மூட்டைக் கணக்கா, நாள் கணக்கா சேர்?”

“தொன் கணக்கு” என்றேன்.

“அப்ப மழை பெய்ஞ்சி வேல நிண்டா?”

அதற்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.